குழாயில் வந்த பதில்

முனிர்கா, புது தில்லி
11-6-1999

அன்புள்ள அண்ணா,

வசு எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் அந்தக் கேள்வி உன்னிடம் வந்து சேரவே பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அதனால் கேட்கவில்லை. நலமாக இரு. எல்லையில் சண்டை ஆரம்பித்ததிலிருந்து இங்கே எல்லோருக்கும் அது ஒன்றுதான் வேண்டும். அப்பாவுக்கும்தான். நீ பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டு விமானப்படையில் சேர்ந்த நாளிலிருந்து உன் பெயரையே சொல்லாதவர், டிவியில் செய்தி வரும்போது பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் பக்கத்தைத் திருப்புவதில்லை.

அம்மா ஒரு காரியம் செய்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். கீழே இறங்கி வந்து அம்மா செருப்பைத் திரும்ப வாங்க டோக்கனை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நீ வந்து நம் வாசலில் நிற்கும் வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டாளாம். இந்த ஜூன் மாத வெயிலில் பஸ் நிறுத்தம் வரை வெறுங்காலோடு நடந்தாள். தார் ஒட்டிக்கொண்டு இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டன. குளிக்கும் இடத்தில்கூடப் போடுவதில்லை. டோக்கன் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. வேறொன்று இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் நீயும் சிரிப்பாய்.

நம் குளியலறைக் குழாய் கிள்ளுகிறது.

எப்போதும் இல்லை. சாயங்காலத்தில் மட்டும். குழாயைத் திறக்கக் கை வைத்தால் எறும்பு வரிசை மணிக்கட்டு வரை ஏறுவது போல இருக்கும். நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறேன், அதற்கே இப்படி. அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் செருப்போடு போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே. உனக்கு எதைத் தொட்டாலும் பயம்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான். நீ போனதும் அம்மா படுத்துவிட்டாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் ஒன்பதாவதோடு நின்றேன். அம்மா எழுந்த பிறகும் நான் பள்ளிக்கூடம் போகாததற்கு என் பயம்தான் காரணம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே. அது உனக்குத் தெரியும். அதனால் என் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அம்மாவுக்கும் அது ஏறுகிறது. அம்மாவுக்கு அதிகமாக ஏறுகிறது. சாயங்காலம் குளித்துவிட்டுத்தானே விளக்கேற்றுகிறாள். நேற்று ஈரத்தலையோடு வெளியே வந்து என் காதோடு சொன்னாள்: "கதிர் நல்லாயிருக்கானா முருகான்னு கேட்டுக்கிட்டே குழாயத் தொட்டேன். சுருக்குன்னு கையில ஏறுச்சுடி. முருகன் பதில் சொல்றான்."

முகமெல்லாம் சிரிப்பு. சண்டை தொடங்கிய பிறகு அம்மா சிரித்து நேற்றுதான் பார்த்தேன். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. நீதானே அங்கே எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறாய். நீ சொல். இது என்ன?

வசு


ராணுவ அஞ்சல் வழி
23-6-1999

அன்பு வசு,

உன் லெட்டர் வந்தது. எங்கே இருக்கேன்னு எழுதக் கூடாது. என்ன செய்றேன்னும் எழுதக் கூடாது. ரொட்டி சாப்பிடறேன்னு எழுதலாம். சாப்பிடறேன்.

உன் குழாய்க் கதையைப் படிச்சிட்டு முதல்ல சிரிச்சேன். பல்லி தோள்ல விழுந்ததுக்கு நாலு நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டவளாச்சே நீ. ஈரக் கையோட ஸ்விட்சைத் தொட்டிருப்பே, அது மனசுல ஒட்டிக்கிட்டிருக்கும்னு எழுதக்கூட ஆரம்பிச்சேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சிட்டு இதை எழுதறேன். சாயங்காலம் மட்டும்னு எழுதியிருக்கே பாரு, அது உறுத்துது. பயம் நேரம் பார்த்து வராது. கரண்ட் வரும்.

என் பழைய டிரங்குப் பெட்டியில மஞ்சள் கைப்பிடி வச்ச டெஸ்டர் ஒண்ணு இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், உள்ளே குட்டி பல்பு தெரியும். கையை நல்லாத் துடைச்சிக்க. செருப்புப் போட்டுக்க. கைப்பிடியை மட்டும் பிடி, மேல் மூடியில ஒரு விரலை வை, நுனியைக் குழாயில வை. கம்பியில விரல் படக் கூடாது. பல்பு எரியுதான்னு பாரு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டுலேர்ந்து ஒரு பச்சைக் கம்பி கிளம்பும். அதுதான் எர்த். எந்தச் சாமான்ல கரண்ட் கசிஞ்சாலும் அதை மண்ணுக்குக் கொண்டுபோய் விடற கம்பி. அது எங்கே போய் முடியுதுன்னு பாரு.

அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. தெருவுல வெறுங்காலா நடக்கட்டும், நான் தடுக்கல. குளிக்கிற இடத்துல மட்டும் செருப்பு. எனக்காக விட்டதை எனக்காகவே போட்டுக்கட்டும்.

அப்பா பக்கத்தைத் திருப்பறதில்லைன்னு எழுதியிருந்தே. அந்த வரியை மறுபடியும் படிச்சேன். ரெண்டு வருஷமா அவரும் எழுதல, நானும் எழுதல. முதல்ல யார் எழுதறதுங்கிறதுலதான் எங்க ரெண்டு பேருக்கும் இப்ப சண்டையே. இதை அவர்கிட்டப் படிச்சுக் காட்டாதே.

கதிரவன்


முனிர்கா
4-7-1999

அன்புள்ள அண்ணா,

எரிகிறது.

காலையில் வைத்தேன், எரியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் வைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு புழு நெளிகிற மாதிரி எரிந்தது. டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டேன். மறுநாள் வைத்திருக்கும்போதே தெருவில் கரண்ட் போனது, குழாயிலும் அணைந்தது. கரண்ட் வந்ததும் குழாயில் மறுபடி எரிந்தது.

அப்போது இன்னொன்றைக் கவனித்தேன். மொட்டைமாடி அறையில் இளஞ்செழியன் என்று ஒருவர் இருக்கிறார். ஆற்காட்டுப் பக்கம்தான், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறார். பகலெல்லாம் லைப்ரரி. சாயங்காலம் வந்ததும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காற்றுக் கூலரைப் போடுவார். போட்டால் அதிலிருந்து தண்ணீர் நம் ஜன்னலுக்கு மேலே இருக்கும் தகரத்தில் சொட்டும். டக் டக் என்று அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் குழாய் கிள்ளுகிறது.

மாடிக்குப் போய் அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். இருமினேன். அவர் வந்து, "என்ன சிஸ்டர், தொட்டியிலேர்ந்து கருவேப்பிலை வேணுமா?" என்றார். கூலர் என்று மட்டும் சொல்ல முடிந்தது. "கிள்ளுதா? பழைய கூலர்னா கிள்ளத்தான் செய்யும் சிஸ்டர். அதான் நான் செருப்போடவே குடித்தனம் பண்றேன். செருப்போடதான் தூங்கறேன்" என்று சிரித்தார். ஆனால் நல்லவர். உடனே அணைத்தார். நான் ஓடி வந்து டெஸ்டரை வைத்தேன். வெளிச்சம் குறைந்தது. அணையவில்லை. அவருடையது மட்டும் இல்லை போலிருக்கிறது.

பச்சைக் கம்பியையும் பார்த்தேன். மீட்டர் போர்டிலிருந்து இறங்கி, பக்கத்தில் சுவரோடு மேலே போகும் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரும்புக் குழாய் முழங்கால் உயரம் வரைதான் இரும்பு. அதற்குக் கீழே தரைக்குள் போவது கறுப்பு பிளாஸ்டிக். கோடை ஆரம்பத்தில் அடிக்குழாய் துருப்பிடித்து ஒழுகியதால் வீட்டுக்காரர் அந்தத் துண்டை மட்டும் மாற்றினார், எனக்கு நினைவிருக்கிறது. இது முக்கியமா என்று தெரியாது. பார்க்கச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

நீ எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். "வாக்குக் குடுத்தது முருகனுக்கு. உங்கண்ணனுக்கு இல்ல. அவன் யாரு அத மாத்தறதுக்கு?" என்றாள். அது முருகன் இல்லம்மா, கூலர் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு நான் சமைத்ததை அன்று சாப்பிடவில்லை. உன் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன், அண்ணன் நல்லாத்தான் இருக்கிறான் என்றேன். "எழுதினப்ப நல்லா இருந்திருப்பான். அது போன மாசம். இப்ப எப்படி இருக்கான்னு இந்தக் காகிதம் சொல்லுமா?" என்கிறாள். குழாயானால் கேட்ட உடனே பதில் சொல்கிறதே.

அவள் நிற்கும் இடத்தில் மணைப்பலகை போட்டு வைத்தேன். இரண்டு நாளில் ஊறிப்போய் வழுக்கியது. எடுத்துவிட்டேன்.

அப்பாவிடமும் டெஸ்டரைக் காட்டினேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வீட்டுக்காரர்கிட்டப் போய்ச் சொன்னா, பிடிக்கலைன்னா காலி பண்ணுன்னுவார். ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸ் லிஸ்ட்ல என் பேர் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் செருப்புப் போட்டுக் குளிங்க" என்றார். அம்மா போடமாட்டாள் என்றேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

சாயங்காலமானால் நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றால் "அம்மா" என்று கூப்பிடுவேன். "என்னடி?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

வசு


15-7-1999

வசு,

என்கூட வேலை செய்ற சுப்பு அவசர லீவில் தில்லி வழியா ஊருக்குப் போறான். இதை தில்லியிலேயே தபால்ல போடச் சொல்லியிருக்கேன். சீக்கிரம் வந்து சேரும்.

நீ முக்கியமான்னு தெரியாதுன்னு எழுதினியே, அந்த பிளாஸ்டிக் துண்டு, அதுதான் எல்லாமே. கவனமாப் படி.

எர்த் கம்பியைத் தண்ணிக் குழாயில கட்டவே கூடாது. விதி அப்படித்தான். வீட்டுக்குன்னு தனியா மண்ணுல குழி எடுத்து அதுல இறக்கணும். உங்க கட்டடத்துல செலவை மிச்சம் பிடிக்கக் குழாயில கட்டிட்டாங்க. அடிக்குழாய் இரும்பா இருந்த வரைக்கும் கசிஞ்சதெல்லாம் எப்படியோ மண்ணுக்குப் போயிட்டிருந்தது. இப்ப நடுவுல பிளாஸ்டிக். வழி அடைஞ்சுபோச்சு. எல்லா வீட்டுக் கூலரும், ஃப்ரிட்ஜும், அயர்ன் பாக்ஸும் கசியற கரண்ட் அந்தப் பச்சைக் கம்பி வழியாக் குழாய்க்கு வந்து, போக இடமில்லாமக் குழாயிலேயே நிக்குது. யாராவது வெறுங்காலோட ஈரத்துல நின்னு குழாயைத் தொட்டா, அந்த ஆள்தான் வழி.

இப்ப கிள்ளுதுன்னா கசிவு கொஞ்சம்னு அர்த்தம். ஒரே ஒரு கூலர் பம்புல தண்ணி இறங்கி உள்ளே மொத்தமாப் பழுதாச்சுன்னா அப்புறம் கிள்ளாது. பிடிச்சிக்கும். பிடிச்சா விரல் திறக்காது, வாய் கத்தாது. மழைக்காலம் வேற ஆரம்பிச்சிருக்கும்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான்: முற்றத்துல ஆழமா ஒரு குழி, அதுல ஒரு இரும்புக் குழாய், சுத்தி கரியும் உப்பும் போட்டு மூடி, அதுலேர்ந்து தனியாக் கம்பி. தண்ணிக் குழாயில இருக்கிற கட்டை அவிழ்த்துடணும். ஒரு நாள் வேலை. அதுவரைக்கும் அம்மா குழாயைத் தொடற நேரத்துல கட்டடத்துலேயே கரண்ட் இருக்கக் கூடாது. மீட்டருக்குப் பக்கத்துல மெயின் ஸ்விட்ச் இருக்கும், இரும்புப் பெட்டி, பக்கவாட்டுல கைப்பிடி. முதல்ல கைப்பிடியைக் கீழே இறக்கு. இறக்கின பிறகுதான் பெட்டி திறக்கும். உள்ளே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. அதைப் பிடுங்கிக் கையில வச்சிக்க. கட்டை இல்லாம யாரும் கரண்ட் போட முடியாது.

எல்லாரும் சத்தம் போடுவாங்க. உனக்கு அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். கருவேப்பிலை கேட்கவே கதவுக்கு வெளியே நின்னு இருமறவ நீ. ஆனா நான் இங்கேர்ந்து வேற யார்கிட்டச் சொல்றது வசு? அப்பாகிட்ட நான் எழுதினா, நான் எழுதினேங்கிறதாலேயே செய்யமாட்டார்.

இங்கே சத்தம் அதிகம். சைரன் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு, பயப்பட நேரம் இல்ல. உன் லெட்டரைப் படிச்சுட்டு ஜெனரேட்டர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அதை மடிச்சு வைக்கவே தோணல. அம்மா வேண்டிக்கிட்டது எனக்காக.

கதிரவன்


முனிர்கா
29-7-1999

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று அப்பா ஆபீசில் இருந்தார். வீட்டுக்காரரிடம் போகலாம் என்று மூன்று தடவை படியிறங்கினேன். மூன்று தடவையும் அவர் முற்றத்துக் கட்டிலில் ஹூக்காவோடு உட்கார்ந்திருந்தார். "க்யா ஹை பேட்டி?" என்றார், என்னம்மா என்று. குச் நஹீ, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். உனக்குத் தெரிந்தபடியேதான் நடந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அம்மா குளிக்கப் போனாள். வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அதனால் பேசாமல் இருந்தேன். திடீரென்று வளையல் தெறித்து விழுகிற சத்தம். அம்மா என்று கத்தினேன். பதில் இல்லை. கதவை இடித்தேன். பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள். வலது கை மணிக்கட்டில் ரத்தம், உதடு வெள்ளையாக இருந்தது. ஆனால் கண் பளபளவென்று இருந்தது. "இன்னிக்குக் கையப் புடிச்சிக்கிட்டான் வசு. விடவே இல்ல. நானாத்தான் புடுங்கிக்கிட்டேன்" என்றாள்.

அண்ணா, நீ எழுதிய வார்த்தை அது. பிடிச்சிக்கும் என்று. அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டியிருக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா துண்டை எடுக்கும்போது நான் கீழே போனேன். மீட்டர் போர்டுக்கு முன்னால் நின்று சாமி கும்பிட்டேன். கைப்பிடியை இறக்கினேன். அது இவ்வளவு சத்தம் போடும் என்று நீ எழுதவில்லை. கூலர், ஃபேன், டிவி, மாவு மிஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதும் கட்டடமே மூச்சை நிறுத்தின மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்து கட்டைகளைப் பிடுங்கி, மேலே ஓடி வந்து நம் வாசலில் உட்கார்ந்துகொண்டு தாவணிக்குள் வைத்துக்கொண்டேன். சுட்டது. உள்ளே அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் எப்போதும் போகிற கரண்ட்தான் என்று இருந்தார்கள். பிறகு பக்கத்துக் கட்டடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் டார்ச்சோடு போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். யாரோ என் தாவணியைக் காட்டினார்கள். படி முழுவதும் ஆட்கள். இளஞ்செழியனும் இறங்கி வந்தார். "என்ன சிஸ்டர் இது, நாளைக்கு எனக்கு டெஸ்ட்" என்றார். வீட்டுக்காரர் என்ன தமாஷ் இது, கட்டையைக் கொடு என்று கையை நீட்டினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் ஆகுமே, அப்படி.

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கால்களைப் பார்த்தேன். படி நிறைய ரப்பர் செருப்பு. கீழ்வீடு, மேல்வீடு, வீட்டுக்காரர், வீட்டுக்காரர் மனைவி, ஒருவர் விடாமல். வீட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள்தானே எல்லோரும். யாராவது வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு திரிவார்களா? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அண்ணா.

அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கட்டையை இப்போதே தருகிறேன். போய் மாட்டுங்கள். மாட்டிய பிறகு உங்களில் யாராவது ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் நின்று, ஒரே ஒரு தடவை குழாயைப் பிடியுங்கள். என் அம்மா தினமும் அப்படித்தான் பிடிக்கிறாள்.

யாரும் செருப்பைக் கழற்றவில்லை. வீட்டுக்காரர் மனைவி மட்டும் பின்னாலிருந்து, "அந்தப் பைப்பை மாற்றினதிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், என் பேச்சை யார் கேட்கிறார்கள்" என்று இந்தியில் முணுமுணுத்தார். வீட்டுக்காரர் திரும்பி அவரை முறைத்தார்.

அப்போது அப்பா ஆபீசிலிருந்து வந்தார். பையோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கட்டைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் படியிலேயே உட்கார்ந்தார். ஷூ கயிற்றை அவிழ்த்தார். ஒரு ஷூ, இன்னொரு ஷூ. சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் வைத்தார். அதற்குள் அம்மா குளித்துவிட்டு வந்திருந்தாள். அப்பா அவளைத் தாண்டி உள்ளே போய்க் குளியலறை ஈரத்தில் நின்று குரல் கொடுத்தார்: "வசு, கட்டையை அவர்கிட்டக் குடு. அவர் மாட்டட்டும். நான் பிடிக்கிறேன்."

நான் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. கை நீட்டியபடி நின்ற வீட்டுக்காரர் பின்னுக்கு ஒரு படி இறங்கினார். "ரஹ்னே தீஜியே, பாபுஜி" என்றார். விடுங்கள் என்று. அப்பா வெளியே வரவில்லை. "மாட்டச் சொல்லு வசு" என்று உள்ளேயிருந்து திரும்பவும் சொன்னார். வீட்டுக்காரர் நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். அன்று விடியும் வரை கட்டடத்தில் கரண்ட் இல்லை. யாரும் என்னிடம் கட்டையைக் கேட்கவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து முற்றத்தில் குழி எடுத்தார். நீ எழுதியபடியே இரும்புக் குழாய், கரி, உப்பு. கொண்டு வந்த உப்புப் போதவில்லை என்று மேலே வந்து கேட்டார். அம்மா எதற்கு என்றுகூடக் கேட்காமல் நம் ஜாடியிலிருந்து கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள். தண்ணீர்க் குழாயிலிருந்து பச்சைக் கம்பியை அவிழ்ப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயங்காலம் எல்லாக் கூலரும் ஓடும்போது டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அப்பா என் கையிலிருந்து டெஸ்டரை வாங்கி அவரும் வைத்துப் பார்த்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா அன்று குளிக்கப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. திறந்தேன். உடுத்தின புடவையோடு, குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நனையவே இல்லை. "ஒண்ணுமே இல்லடி. வெறும் குழாயா இருக்கு. திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன். அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவே அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. விளக்கேற்றவில்லை. நேரம் கெட்ட நேரத்தில் எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்க்கிறாள். குழாயில் வந்த பதிலை நான்தான் அணைத்துவிட்டேன் என்று அவள் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியாது. சுப்பு கொண்டுவந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்கும் இப்போது பயமாக இருக்கிறது. அம்மாவுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே, நேற்றுச் சாயங்காலம் நானும் ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டேன். குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

இனிமேல் அவளுக்குக் குழாயில் பதில் வராது, அண்ணா. நீதான் எழுத வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எழுது.

வசு


ராணுவ அஞ்சல் வழி
9-8-1999

அன்புள்ள அப்பாவுக்கு,

கவர்ல உங்க பேரை எழுதியிருக்கேன். வசு பிரிக்காம உங்க கையிலேயே கொடுக்கட்டும்னுதான். இதை அவ படிக்க வேண்டாம். நீங்க அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுச் சத்தமாப் படிங்க.

அம்மா, நான் முழுசா இருக்கேன். கையும் காலும் இருக்கு. நேத்து சாயங்காலம் முடி வெட்டிக்கிட்டேன். இடம் மாத்தினதால உங்க லெட்டரெல்லாம் என்னைத் தேடிச் சுத்திட்டு மொத்தமா வந்தது. அதான் எழுதல. பதில் வரலைன்னா தபால்ல தாமதம்னு அர்த்தம், வேற எதுவும் இல்ல. இனிமே வாரம் ஒண்ணு எழுதறேன். அப்பா படிச்சுச் சொல்லுவார்.

அப்பா, நீங்க ஷூவைக் கழட்டினதை வசு எழுதியிருந்தா. அதைப் படிச்ச பிறகு ரெண்டு நாள் என்னால சரியா வேலை செய்ய முடியல. அவ கட்டையைக் கொடுத்திருந்தா நீங்க பிடிச்சிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியும். இனிமே யார் கேட்டாலும் அப்படிச் செய்யாதீங்க.

அடுத்த மாசம் பதினஞ்சு நாள் லீவு தரேங்கிறாங்க. எங்கே போறேன்னு லீவு ஃபாரத்துல ஒரு கட்டத்துல எழுதிக் கொடுக்கணும். அதைக் காலியா விட்டிருக்கேன். முனிர்கான்னு எழுதலாமா?

எழுதலாம்னா வசுகிட்ட ஒரு டோக்கன் இருக்கு, அதைக் கொடுத்து மலை மந்திர்ல அம்மா செருப்பை வாங்கி வைங்க. நான் வாசல்ல நின்னு ஷூவைக் கழட்டும்போது, அம்மா அதைக் கால்ல மாட்டிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் உள்ளே வருவேன்.

கதிரவன்